தைவதத்தைத் தேடி ஒன்பது நாள்: கெந்துலியிலிருந்து கல்கத்தா வரை

நாள் 1. கெந்துலி

தை முதல் நாள், விடியற்காலை. நம் ஊரில் பானை பொங்கும் நேரத்தில் இங்கே அஜய் நதியில் முழங்கால் தண்ணீரில் ஜனங்கள் முழுக்குப் போடுகிறார்கள். பீர்பூம் மாவட்டத்து ஜயதேவ் கெந்துலி. கீதகோவிந்தம் பாடிய ஜயதேவர் பிறந்த ஊர் என்று வங்காளிகள் கொண்டாடும் இடம். ஒடிசாக்காரர்களுக்கு இதில் வேறு கருத்து உண்டு; அந்தச் சண்டைக்குள் நாம் போகவேண்டாம்.

வங்காளப் பாட்டில் ராகம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே வளைகிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பயணம். எல்லா ராகத்தையும் துரத்த முடியாது என்பதால் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறோம்: தைவதம், ஸரிகமபதநியில் வரும் 'த'. ராகம், வசந்தம்.

கீதகோவிந்தத்தின் 24 பாட்டுகளுக்கும் ஏட்டிலேயே ராகமும் தாளமும் குறித்திருக்கிறது. மாளவம், குர்ஜரி, வசந்தம், ராமகிரி, கர்ணாட, தேசாக்ய, வராடி, பைரவி, விபாஸ என்று போகும். முதல் பாட்டு, அதாவது தசாவதாரம், ஏட்டில் மாளவ ராகம். நம் பஜனை மடங்களில் அதைச் சௌராஷ்டிரத்தில் பாடுகிறோம். மூன்றாவது பாட்டு ஏட்டில் வசந்த ராகம், யதி தாளம். அதை மட்டும் நம்மவர்களும் வசந்தாவில்தான் பாடுகிறார்கள். பெயர் ஒன்று என்பதால் ராகமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. 12ஆம் நூற்றாண்டு வசந்தம் எப்படி ஒலித்தது என்பதற்கு ஏட்டில் சுரம் கிடையாது. பெயர்தான் நடந்து வந்திருக்கிறது. உடம்பு வழியில் பலமுறை மாறியிருக்கிறது.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. இந்துஸ்தானியில் 'சுத்த தைவதம்' என்றால் நம் சதுச்ருதி தைவதம், உயர்ந்த த, த2. நம் சுத்த தைவதம், தாழ்ந்த த, த1, அவர்களுக்குக் 'கோமள் தைவதம்'. ரிஷபத்திலும் இதே குழப்பம்தான். வங்காள ராகக் குறிப்பைப் படிக்கும் தமிழர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. இந்தத் தொடர் முழுக்க ரி1, த2 என்று நம் எண்களையே எழுதப்போகிறோம். எண் கூடினால் சுரமும் உயரும்.

மேளாவில் அஷ்டபதி, அதாவது கீதகோவிந்தப் பாட்டு, கேட்கலாம் என்று வந்தால் ஏமாற்றம்தான். இது பாவுல்களின், அதாவது பாடித் திரியும் வங்காளச் சித்தர்களின், திருவிழா. ஆகடா எனப்படும் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. ராத்திரி முழுக்கப் பாட்டு, நடுநடுவே கீர்த்தனம். ஒவ்வொரு கொட்டகையிலும் ஒலிபெருக்கி. இரண்டு கொட்டகைக்கு நடுவில் நின்றால் இரண்டு சுருதியும் மோதி எதுவும் காதில் ஏறாது. மேடைக்குப் பக்கவாட்டில், குழாய்க்குப் பின்னால், பாடுபவரின் நேர்க்குரல் எட்டும் தூரத்தில் உட்காருவதுதான் வழி. இரவு மூன்று மணிக்கு மேல் கூட்டம் கலையும். அப்போது சில ஆகடாக்களில் மைக்கை அணைத்துவிட்டுப் பாடுவார்கள். வந்ததற்குப் பலன் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது.

கமக் என்ற வாத்தியத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். அடிப்பக்கம் தோல் போர்த்திய சின்ன மரக்குடம். தோலின் நடுவிலிருந்து கிளம்பும் நரம்பின் மறுமுனை ஒரு குட்டிச் செம்பில் கட்டியிருக்கும். குடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையால் செம்பை இழுத்துப் பிடித்து, வலது கையால் மீட்டுகிறார்கள். இழுப்பு கூடினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். சுரத்தில் நிற்கும் வாத்தியம் இல்லை, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் குதிப்பது. நிற்கும் சுருதியை ஏக்தாராவின் ஒற்றைத் தந்தி தருகிறது. இடுப்பில் கட்டிய டுகி தாளத்தைப் பார்த்துக்கொள்கிறது.

பாவுல் பாட்டில் ராகம் பேர் சொல்லிக்கொண்டு வராது. ஆனால் ஏறும்போது நி3, இறங்கும்போது நி2 என்று கமாஜ் ராகம் அடிக்கடி தலைகாட்டும். பிலாவலும் பைரவியும் உண்டு. கமாஜ், பிலாவல் இரண்டிலுமே தைவதம் த2. கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வர விரும்புபவர்களுக்கு: ஹவுராவிலிருந்து போல்பூர் சுமார் இரண்டரை மணி நேர ரயில். அங்கிருந்து இலாம்பஜார் வழியாகக் கெந்துலி. மேளா நாட்களில் ஊருக்குள் அறை கிடைப்பது கஷ்டம். போல்பூரிலோ துர்காபூரிலோ தங்குங்கள். ஆற்றங்கரைக் குளிர் எலும்பைத் தொடும். கம்பளியும் காதுக்குத் துண்டும் கட்டாயம்.

நாள் 2. சாந்திநிகேதன்

இன்று முழுக்கக் காகிதத்தோடு போயிற்று. ரவீந்திர சங்கீதத்தை, அதாவது தாகூர் பாட்டுகளை, எழுதும் ஆகார்மாத்ரிக் சுரலிபியை ஒரு நாள் ஒதுக்கிக் கற்றுக்கொண்டால், ஸ்வரபிதான் வரிசையின் அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் நமக்குத் திறந்துகொள்ளும். தாகூர் எழுதிய பாட்டுகள் சுமார் 2,200. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தொகுதிகளில் சுரம் உண்டு.

முறை எளிது. ஸ ர க ம ப த ந என்ற ஏழெழுத்து. ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் 'ஆ'காரக் கால் ஒன்று போட்டால் ஒரு மாத்திரை. பேர் வந்ததே அதனால்தான். மேல் ஸ்தாயி என்றால் எழுத்தின் தலையில் ரேபம் என்ற குறி, கீழ் ஸ்தாயி என்றால் காலடியில் ஹசந்தக் கோடு. நம் புத்தகங்களில் மேலும் கீழும் புள்ளி வைப்பதைப் போல. விகார சுரங்களுக்கு மட்டும் தனி எழுத்து. ரி1க்கு உயிரெழுத்தான ரு. க2வுக்கு ஞானம் என்ற சொல்லின் கூட்டெழுத்து. ம2வுக்கு ஹகரமும் மகரமும் சேர்ந்த எழுத்து. நி2வுக்கு மூன்று சுழி ணகரம்.

தைவதம்தான் வேடிக்கை. த2வுக்குத் 'தனம்' என்ற வடசொல்லில் வரும் அழுத்தமான எழுத்து. த1க்குத் 'தானம்' என்ற சொல்லில் வரும் மெல்லிய எழுத்து. வங்காளத்தில் இரண்டும் வெவ்வேறு உருவம். தமிழில் இரண்டுமே 'த'தான். வங்காளச் சுரத்தைத் தமிழில் பெயர்த்துவைத்த சில நோட்டுகளில் இந்த வேறுபாடு அப்படியே காணாமல் போயிருக்கிறது. கடைசியில் பைரவியும் பிலாவலும் ஒரே தைவதத்தோடு நிற்கும். பெயர்த்து எழுதும்போதே எண் போட்டுவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திரும்ப வராது.

அடுத்தது உருப்படி அமைப்பு. இந்துஸ்தானியின் பழைய, நிதானமான பாட்டு வகையான துருபதத்தின் நான்கு பகுதிகளைத் தாகூர் விடாமல் வைத்துக்கொண்டார்: ஸ்தாயி, அந்தரா, சஞ்சாரி, ஆபோக். பிற்காலப் பாட்டு வகையான கயாலில் முதல் இரண்டோடு முடிந்துவிடும். சஞ்சாரி பெரும்பாலும் நடுஸ்தாயியிலும் அதற்குக் கீழேயும் உலவும். அதன்பின் பல்லவிக்குத் திரும்பாமல் நேராக ஆபோகுக்குப் போகவேண்டும். ஆபோகின் மெட்டு பெரும்பாலும் அந்தராவின் மெட்டே. நம் கிருதிகளில் சரணத்தின் பின்பாதி அனுபல்லவி மெட்டில் போவதை நினைத்துக்கொண்டால் பழகிவிடும். நம்மவர்கள் செய்யும் தவறு, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பழக்க தோஷத்தில் பல்லவியை எடுப்பது. சஞ்சாரிக்குப் பிறகு எடுத்தால் பாட்டின் முதுகு முறிகிறது.

தாகூர் தாமே அமைத்த தாளங்களும் உண்டு. ஜம்பக் 5 மாத்திரை, 3+2. ஷஷ்டி 6, 2+4. ரூபக்டா 8, 3+2+3. நபதால் 9, 3+2+2+2. ஏகாதசி 11, 3+2+2+4. நபபஞ்ச 18, 2+4+4+4+4. இவற்றில் காலி, அதாவது வீச்சு, கிடையாது, எல்லாம் தட்டே. ஜம்பக்கைக் கண்டசாபு மாதிரி 2+3 என்று போட்டால் சொல் எல்லாம் தப்பான இடத்தில் விழும். பழைய தாளமான தேவ்ரா 7, 3+2+2. மிச்ரசாபு பழகிய கைக்கு இது சொந்த வீடு.

நாள் 3. சாந்திநிகேதன்

தைவதம் இன்று முதன்முறையாகச் சிக்கியது.

வேறு பாட்டின் மெட்டை எடுத்துப் புதிய சொல் போட்டவற்றை இங்கே 'பாங்கா கான்' என்பார்கள், உடைத்த பாட்டு. இந்துஸ்தானி துருபதத்திலிருந்து உடைத்தவை ஏராளம். தெற்கிலிருந்து வந்தவையும் உண்டு. தாகூரின் சகோதரி மகள் சரளாதேவி மைசூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த மெட்டுகளில் ஒன்றுதான் 'ஆனந்தலோகே'. பின்னாளில் தெற்கிலிருந்து இங்கே படிக்க வந்த சாவித்திரி கிருஷ்ணன் பாடிக்காட்டிய உருப்படிகளிலிருந்தும் சில பிறந்தன. முத்துசுவாமி தீட்சிதரின் 'மீனாக்ஷி மே முதம் தேஹி' இப்படித்தான் 'பாசந்தி ஹே புவனமோஹினி' ஆயிற்று. மதுரை மீனாட்சி, வசந்த காலத்துத் தேவியாகிவிட்டாள்.

ராகம் பூர்விகல்யாணி: ரி1 க3 ம2 ப த2 நி3. வடக்கின் பூர்வி ராகத்துக்கு ரி1 க3, இரண்டு மத்யமமும், ப த1 நி3. இடைஞ்சல் செய்வது தைவதம்தான். பூர்வியில் ஊறிய பாடகர் இந்தப் பாட்டை எடுத்தால் அவரை அறியாமலே தொண்டை த1க்கு வழுக்கும். அப்படி ஒலிக்கும் பதிவுகளும் கேட்கக் கிடைக்கும். எழுதிய சுரத்தோடு ஒரு வரி ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். கமகம் வேறு சங்கதி. நம் பூர்விகல்யாணியின் காந்தாரத்திலும் நிஷாதத்திலும் இருக்கும் அசைவு இங்கே நேர்கோடாகிவிட்டது. அது குறையில்லை. இந்த மரபில் சொல் தெளிவாகக் காதில் விழவேண்டும், சுரம் அதற்கு வழிவிடவேண்டும்.

மாலையில் எஸ்ராஜ். வில் போட்டு வாசிக்கும் வாத்தியம். நான்கு முக்கியத் தந்தி. அவற்றின் கீழே பதினைந்து வரை தரப் தந்திகள், தொடாமலே கூட ஒலிப்பவை. கழுத்தில் சிதார் மாதிரி நகர்த்தக்கூடிய மெட்டுகள், அதாவது உலோகக் கட்டைகள். முதல் தந்தி மந்திர மத்யமம். தரப் தந்திகளைப் பாட்டின் ராகத்துக்கு ஏற்பச் சேர்க்கவேண்டும். பிஹாகிலிருந்து பைரவிக்குப் போனால் பாதித் தந்திகளைத் திருகவேண்டிவரும். அதனால் விவரமானவர்கள் நிகழ்ச்சி நிரலை ராகச் சுரங்களைப் பார்த்து அடுக்குகிறார்கள், த2 பாட்டுகளைச் சேர்த்து, த1 பாட்டுகளைச் சேர்த்து. வயிறு தோல் என்பதால் மழைக்காலத்தில் அது தொய்ந்து குதிரை உள்ளே இறங்கும். தந்தி மெட்டில் உரசி இரையும். உடனே முருக்காணியைத் திருகாமல், அறையின் ஈரம் குறையும்வரை காத்திருந்து பிறகு சேர்ப்பதே நல்லது. ஜனவரியில் இந்தத் தொல்லை இல்லை.

இங்கத்திய விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. அன்று காலை கண்ணாடிக் கோயிலில் பிரார்த்தனை நடக்கும். பாட்டுக் கேட்க வருபவர்கள் புதனைத் தவிர்க்காமல் புதனைப் பார்த்தே வரலாம்.

நாள் 4. வழியில்

போல்பூர், துர்காபூர், தாமோதர் அணை, பிஷ்ணுபூர். பஸ்ஸில் முக்கால் நாள். எழுத ஒன்றுமில்லை, வழியில் கிடைத்த பனிக்காலத்து நோலென் குட், அதாவது ஈச்சமரப் புதுவெல்லம், நன்றாக இருந்தது.

நாள் 5. பிஷ்ணுபூர்

மல்ல அரசர்களின் தலைநகர். 1600இல் எழுந்த ராஸ்மஞ்ச், 1643இன் ஷ்யாம்ராய், 1655இன் ஜோர்பாங்ளா, 1694இன் மதன்மோகன். எல்லாரும் சுடுமண் சிற்பத்தைப் படம் பிடிக்க வருகிறார்கள். அவசரமில்லாமல் பார்த்தால் சுவர்களில் மத்தளம் கொட்டுபவர்களும் குழல் ஊதுபவர்களும் வரிசையாக இருக்கிறார்கள். ஒரு டோட்டோ, அதாவது பேட்டரி ரிக்ஷா, அமர்த்திக்கொண்டால் அரை நாளில் சுற்றிவிடலாம்.

இந்த ஊரின் பேரில் ஒரு துருபத கரானா, அதாவது பாட்டுப் பரம்பரை, உண்டு. வங்காளத்தில் முளைத்து வங்காளத்திலேயே வளர்ந்த ஒரே கரானா என்று பெருமையாகச் சொல்வார்கள். தான்சேன் வம்சத்து பகதூர் கான், இரண்டாம் ரகுநாத் சிங்கன் அரசவைக்கு வந்து தொடங்கிவைத்தார் என்பது ஊர்க்கதை. ரகுநாத் சிங்கன் ஆண்டது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கரானாவின் முதல்வராகக் கருதப்படும் ராம்சரண் பட்டாசார்யா பிறந்தது 1761. நடுவில் அரை நூற்றாண்டு ஓட்டை. எங்கள் அபிப்பிராயத்தில் ராம்சரணிடமிருந்து கணக்கு எடுப்பதே நேர்மை. அவரிடம் பயின்ற க்ஷேத்ரமோகன் கோஸ்வாமி வங்காளத்தில் முதன்முதல் ஒழுங்காகச் சுரலிபி அமைத்தவர்களில் ஒருவர். இதே மரபின் யது பட்டர் கல்கத்தா ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் வீட்டில் சிறுவன் ரவீந்திரனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனார். பின்னால் ராதிகா பிரசாத் கோஸ்வாமியும் தாகூர் வீட்டுப் பாட்டில் சேர்ந்தவர். நேற்று முன்தினம் பார்த்த எஸ்ராஜைச் சாந்திநிகேதனில் வேரூன்றச் செய்த அசேஷ் பந்தோபாத்யாயாவும் இந்த ஊர்க்காரர். ஆகவே அங்கே கேட்டதற்கு வேர் இங்கே.

பாணி எப்படி? அலங்காரம் குறைவு. ஆலாபனையில் வேகக் கமகங்களைக் குவிப்பதில்லை. ராகத்தின் வரைபடம் தெரிந்தால் போதும், சொல் தொடங்கிவிடும். டாகர் குடும்பத்துத் துருபதப் பாணியின் ஒரு மணி நேர ஆலாபனையை எதிர்பார்த்து வருபவருக்கு இது மொட்டையாகத் தோன்றும்.

இப்போது தைவதம். பிஷ்ணுபூர் வசந்த் ராகத்தில் த2. மற்ற இடங்களில் இன்று பாடும் வசந்தில் த1. பிஷ்ணுபூர் பூர்வியிலும் த2. மற்ற இடங்களில் த1. பிஹாகில் இறங்கும்போது தைவதத்தை ஒட்டி நி2 லேசாகத் தொடும்; வேறு இடத்தில் தொட்டால் ஆசிரியர் முறைப்பார்.

இதை நம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் வசந்தா: ஸ ம1 க3 ம1 த2 நி3 ஸ, இறக்கம் ஸ நி3 த2 ம1 க3 ரி1 ஸ. தைவதம் த2. பிஷ்ணுபூர் வசந்துக்கும் நமக்கும் தைவதம் ஒன்று. பிஷ்ணுபூர் பூர்வியின் சுரங்களோ, சுத்த மத்யமத்தை ஒதுக்கிவிட்டால், அப்படியே பூர்விகல்யாணியின் சுரங்கள். நேற்று முன்தினம் மீனாட்சி வசந்தத் தேவியான பாட்டு, இந்த மரபில் வளர்ந்த காதுக்கு அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது. இதிலிருந்து தெற்கத்திப் பாட்டு பிஷ்ணுபூருக்கு வந்தது என்று சரித்திரம் கட்டக் கூடாது. வடக்கிலேயே த2 உள்ள வசந்த் முன்பு புழக்கத்தில் இருந்தது, இன்றும் சிலர் அதை ஆதி வசந்த் என்று பாடுகிறார்கள். மற்ற ஊர்கள் மாற்றிக்கொண்டன. ஓரத்தில் இருந்த இரண்டு ஊர்கள் மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் நியாயமான ஊகம்.

நாள் 6. பிஷ்ணுபூர்

துருபதத் தாளமான சௌதால் 12 மாத்திரை, இரண்டிரண்டாக ஆறு பகுதி. தட்டு 1, 5, 9, 11இல். வீச்சு 3, 7இல். சொல்: தா தா, தின் தா, கிட தா, தின் தா, திட கத, கதி கன. நம் ஆட்கள் இதை ரூபகத்தின் இரண்டு ஆவர்த்தமாக எண்ணத் தொடங்குவார்கள். மாத்திரை சரியாக வரும், ஆனால் 7இல் வீச்சு இருக்கவேண்டிய இடத்தில் கை தட்டிவிடும். பகாவஜ் என்ற மத்தளம் வாசிப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

துருபதத்தில் திறமை தெரிவது வேக மாற்றத்தில். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், தொடங்கிப் 12 மாத்திரை நிரம்பும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் காலத்தில் அது 6 மாத்திரையில் முடியும். எனவே 7இல் எடுத்தால் சமத்தில் வந்து நிற்கும். மூன்று மடங்கில் 4 மாத்திரை, 9இல் எடுக்கவேண்டும். நான்கு மடங்கில் 3 மாத்திரை, 10இல் எடுப்பு. கையை மாற்றாமல் வாயை மட்டும் மாற்றவேண்டும். முதல் வாரம் எல்லாருக்கும் மூன்று மடங்கில்தான் உதைக்கும். திச்ர நடையில் திருப்புகழ் பாடிப் பழகியவர்களுக்கு உதை குறைவு. வரி சமத்துக்கு முன்பே எடுக்கும் பாட்டானால் இந்த எண்கள் அத்தனை மாத்திரை முன்னே நகரும். அதை மறந்துவிட்டுத் தாளம் தப்பியது என்று பகாவஜைக் குறை சொல்வது வழக்கமான காட்சி.

பகாவஜின் இடது முகத்தில் கோதுமை மாவைப் பிசைந்து அப்புகிறார்கள், நம் மிருதங்கத்துக்கு ரவை வைப்பது போலவே. மாவு கூடினால் ஒலி ஊமையாகும். குறைந்தால் பானை மாதிரி அதிரும். கச்சேரி நடுவே காய்ந்துவிடும் என்பதால் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம்.

ஊருக்கு அருகே காங்கில்யா என்ற கிராமம். 1909இல் வசந்தரஞ்சன் ராய் ஒரு வீட்டின் மாட்டுக்கொட்டகையிலிருந்து 'படு சண்டிதாஸ்' என்ற கவியின் ஸ்ரீகிருஷ்ணகீர்த்தனச் சுவடியைக் கண்டெடுத்தது இங்கேதான். ஹரப்பிரசாத் சாஸ்திரி 1907இல் நேபாளத்தில் கண்டெடுத்த, பௌத்தச் சித்தர்களின் சர்யாப் பாடல்களும் இந்தச் சுவடியும் அச்சேறியது ஒரே ஆண்டு, 1916. இரண்டிலும் பாட்டுக்குப் பாட்டு ராகப்பெயர். சர்யாவில் படமஞ்சரி, குர்ஜரி, பைரவி, காமோத், மல்லாரி, வங்காளத்தின் பேரிலேயே ஒரு பங்கால் ராகம். வங்க மொழியின் மிகப் பழைய பாட்டுகளே ராகத்தோடுதான் கிடைத்திருக்கின்றன என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் கெந்துலியில் சொன்னதே இங்கும்: இன்றைய காமோத்தை அதில் ஏற்றிப் பாடிவிட்டு "ஆயிரம் வருடத்து மெட்டு" என்று மேடையில் அறிவிப்பது ஏமாற்று.

நாள் 7. நபத்வீப்

பர்த்தமானில் பஸ் மாறி, பிற்பகல் வந்தோம். 1486இல் சைதன்யர் பிறந்த ஊர். கங்கைக்கு அக்கரையில் மாயாப்பூர், படகு உண்டு.

இங்கே கேட்க வேண்டியது பதாவளி கீர்த்தனம். நாம சங்கீர்த்தனத்தோடு இதைக் குழப்பக் கூடாது. இது ஒரு லீலையை எடுத்துக்கொண்டு பழைய பதங்களைக் கோத்து மணிக்கணக்காகப் பாடுவது. கேதுரியில் நடந்த வைணவ மகோத்சவத்தில் நரோத்தம் தாஸ் நிலைநிறுத்திய கரான்ஹாட்டிப் பாணி துருபதம் போல நிதானம். மனோஹர்சாஹி கயாலைப் போல. ரேநேட்டி, டப்பா என்ற உருட்டல் பாட்டைப் போல. மந்தாரிணி, டும்ரி என்ற மெல்லிய காதல் பாட்டைப் போல. இந்த ஒப்பீடுகள் இங்கத்திய ஆசிரியர்கள் சொல்வது, அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கௌரசந்திரிகா. அன்றைய லீலையின் பாவத்துக்குப் பொருந்தும் சைதன்யர் பாட்டு. அதைக் கேட்டே இன்று விரகமா, வசந்த ஹோலியா என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். பிறகு பதம். பதத்தின் ஒரு வரியைப் பாடி நிறுத்தி, அதை விளக்கும் சிறு சொற்றொடரைப் பாடகர் தாமே செருகுவார். பின்பாட்டுக்காரர்கள் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாடுவார்கள். இது ஆகர். 'ராதை கதவைத் திறக்கவில்லை' என்பது பதத்தின் வரியானால், 'தாழ்ப்பாளிலே கைவைத்து நின்றாள்', 'கைவைத்தாள், திறக்கவில்லை' என்று ஆகர் வளரும். சொல் வளர வளர ராகம் ஒதுங்கி வழிவிடும். தாளம் பெரியதிலிருந்து சிறியதற்குச் சுருங்கும். கடைசியில் லோஃபா என்ற சிறு தாளத்தில் எல்லாரும் எழுந்து ஆடுவார்கள். நம் பாகவதர்கள் கதாகாலட்சேபத்தில் செய்யும் வேலைக்குப் பக்கத்துப் பங்காளி.

கோல் என்ற மத்தளத்தின் உடம்பு சுட்ட மண். வலது முகம் உள்ளங்கை அகலம். இடது அதைப்போல இரு மடங்கு. இரு முகத்திலும் கருஞ்சோறு, அரிசிக் கூழும் இரும்புத்தூளும் மெல்லிய பூச்சுகளாக ஏற்றிக் காய்ந்தபின் தேய்த்தது. முடுக்க ஆப்பு கிடையாது. கட்டிய வாரே சுருதி. நதிப் பனியில் நனைந்தால் வலது முகம் இறங்கிவிடும், வெயிலில் காயவைப்பதுதான் மருந்து. கீழே போட்டால் பானைதான். ஊருக்கு வாங்கிப்போக நினைப்பவர்கள் கண்ணாடியிழைக் கோல் வாங்கலாம்; இடது முகத்தின் கும்மென்ற அடி அதில் வராது என்பதையும் தெரிந்தே வாங்குங்கள்.

நாள் 8. கல்கத்தா, சித்பூர் ரோடு

பெயர் ரவீந்திர சரணி என்று மாறிப் பல காலம் ஆகியும் எல்லாருக்கும் இது சித்பூர்தான். லால்பஜார் முனையில் வாத்தியக் கடைகள். வடக்கே நடந்தால் ஜோராசாங்கோ தாகூர் மாளிகை, திங்களன்று மூடியிருக்கும்.

கடை ஒன்றில் தம்புராவுக்கு ஜவாரி திறப்பதைப் பார்க்கலாம். குதிரையின் தட்டையான முகத்தைத் தந்தியின் போக்கில் கண்ணுக்குத் தெரியாத சரிவாக அராவுகிறார்கள். இரண்டு தேய்ப்பு, ஒரு மீட்டு, காது; மறுபடி இரண்டு தேய்ப்பு. பிறகு தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் பருத்தி நூலை விட்டு அரிசிமணி அளவுக்கும் குறைவாக நகர்த்த, ஓரிடத்தில் தந்தி வாய் திறந்து ரீங்கரிக்கும். அதிகம் அராவிவிட்டால் ரீங்காரம் வெறும் இரைச்சலாகும். மறுபடி சமதளமாக்கித் தொடங்க வேண்டும். வாங்கும்போது நூல் இல்லாமலும் மீட்டிப் பாருங்கள். நூலால் மூடிமறைத்த கோணல் குதிரை வீட்டுக்குப் போனதும் பல்லைக் காட்டும்.

இந்தத் தெருக்கள்தான் நிதுபாபுவின் டப்பா வளர்ந்த இடம். ராமநிதி குப்தா, 1741 முதல் 1839. கம்பெனி உத்தியோகத்தில் பீகாரின் சப்ராவில் இருந்தபோது இந்துஸ்தானிப் பாட்டுக் கற்று, 1794இல் திரும்பி வந்து வங்காளியில் டப்பா கட்டினார். பஞ்சாபி டப்பா தொடக்கம் முதல் முடிவு வரை உருட்டல். வங்காள டப்பா சொல்லை நிதானமாகச் சொல்லி முடித்து, கடைசி உயிரெழுத்தில் மட்டும் அந்த உருட்டலை அவிழ்க்கும். காபி, கமாஜ், ஜிஞ்ஜோட்டி, பைரவி. எழுத்தின் நடுவில் உருட்டினால் சொல் நசுங்கும், அது பிழை.

நாள் 9. நஜ்ருல் மஞ்ச்

இதை எழுதுவது மாலையில், கல்கத்தாவின் இந்த அரங்கத்துக்குக் கிளம்பும் முன். ஜனவரி நான்காம் வாரத்து டோவர் லேன் இசை மாநாடு, 1952இலிருந்து நடப்பது. இரவு தொடங்கி விடியும்வரை. பகல் கச்சேரிகளில் கேட்கக் கிடைக்காத பின்னிரவு ராகங்கள் நேரத்தோடு கிடைப்பது இங்கே. இருக்கைக்குச் சால்வை, பசிக்கு வெளியே டீக்கடை. இரண்டு மணிக்குத் தூக்கம் அழுத்தும். அப்போது எழுந்து நடந்தால்தான் விடியற்கால ராகமான லலித் வரை தாங்கும்.

வசந்த் கடைசி ஜாமத்து ராகம். இன்றிரவு யாராவது எடுத்தால் முதலில் தம்புராவைக் கேளுங்கள், முதல் தந்தி பஞ்சமமா நிஷாதமா என்று. பிறகு மேல் ஸட்ஜத்தில் நின்று ரி1 நி3 தொட்டு இறங்கி வருவார்கள். அந்த இறக்கத்தில் நிஷாதத்துக்கு அடுத்த படி. அநேகமாகத் த1 விழும். த2 விழுந்தால் பாடுபவரின் குரு பரம்பரையை நிகழ்ச்சிப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். எட்டு மணிக்குக் கதவு திறக்கிறது, டிக்கெட்டோடு கைப்பையையும் சோதிப்பார்கள். மூடி இறுகாத தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆலாபனையில் உருண்டால் அரங்கம் முழுக்கக் கேட்கும்.